டெலிமெட்ரி ரேடியோவுக்கு ஓகே, ஆன்டெனா டிராக்கருக்கு யோசிக்கணும்

எங்கள் இரண்டு மீட்டர் இறக்கை ஆளில்லா விமானத்தில் எதை மாற்றினாலும் வற்றிய ஏரிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் பார்ப்போம். வேகம், உயரம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் அப்போதைக்கப்போது லேப்டாப்பில் தெரிந்தால்தான் அது சோதனை, இல்லாவிட்டால் வெறும் வேடிக்கை. அதற்காக வாங்கியவை, அந்த எண்களை விமானத்திலிருந்து தரைக்கு அனுப்பும் ஒரு ஜோடி சிக் (SiK) டெலிமெட்ரி ரேடியோவும், ஆர்டுபைலட் என்ற தானியங்கிப் பறப்பு மென்பொருளில் ஓடும் ஓர் ஆன்டெனா டிராக்கரும். டிராக்கர் என்றால் விமானம் போகும் பக்கமெல்லாம் தரை ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் கருவி.

ரேடியோவுக்கு 865 மெகாஹெர்ட்ஸ் கேட்டு ஆர்டர் போட்டால் கடைக்காரர் 915-ஐ அனுப்பிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ஒண்ணு இல்லை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டிருப்பது 865 முதல் 868 வரை, 915 அமெரிக்காவுக்கு ஆனது. மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது. அப்புறம் குறையே இல்லை, விமானத்தை ஓட்டும் பிக்ஸ்ஹாக் போர்டில் செருகி, போர்டும் ரேடியோவும் பேசிக்கொள்ளும் வேகத்தை 57600 பாட் என்று வைத்தால் லேப்டாப்பின் மிஷன் பிளானர் மென்பொருளில் எண்கள் ஓட ஆரம்பித்துவிடும். தூரம் போதாவிட்டால் ஏர் ஸ்பீடை (விமானத்தின் வேகம் இல்லை, ரேடியோ காற்றில் தகவல் அனுப்பும் வேகம்) 64-இலிருந்து குறைத்துப் பாருங்கள், தகவல் மெதுவாக வந்தாலும் இன்னும் கொஞ்சம் தள்ளி எட்டும்.

டிராக்கர்தான் படுத்தியது. முதல் நாள் வேன் கூரைமேல் வைத்தோம், கூரை இரும்பு என்பதால் காம்பஸ் குழம்பி ஆன்டெனா விமானத்தை விட்டுவிட்டுப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மர முக்காலிக்கு மாற்றியதும் அது சரி. ஆனால் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய விமானங்களின் சோதனைக்கு வண்டியில் கொண்டுவரும் டிஷ், வருகிற சிக்னல் எந்தப் பக்கம் வலுக்கிறது என்று பார்த்தே திரும்பும். இதுவோ விமானம் அனுப்பும் ஜிபிஎஸ் இடத்தை வாங்கிக் கணக்குப் போட்டுத் திரும்புகிறது, அதாவது சிக்னல் கிடைத்தால்தான் சிக்னல் எங்கே என்று அதற்குத் தெரியும். விமானம் சாய்ந்து திரும்பும்போது அதன் உடம்பே ஆன்டெனாவை மறைத்து இணைப்பு அறுந்தால், கடைசி வேகத்தை வைத்துச் சில நொடி ஊகிக்கும். ஊகம் நேராகப் போகும், விமானம்தான் வளைந்துகொண்டிருக்கிறதே! தலைக்கு நேர்மேலே பறந்தாலும் தொல்லைதான், சட்டென்று பின்பக்கம் திரும்ப, டிராக்கரைச் சுழற்றும் எங்கள் சர்வோ மோட்டாருக்கு வேகம் பத்தாது.

இணைப்பு அறுந்தாலும் எண்கள் எல்லாம் விமானத்து எஸ்டி கார்டிலும் பதிவாகும், விமானம் முழுசாக வந்து சேர்ந்தால்.

ரேடியோவைத் தாராளமாக வாங்கலாம். கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் பறக்க வேண்டும் என்பது விதி, அந்தத் தூரத்துக்கு டிராக்கர் தேவைப்படவில்லை. எங்களுடையது இப்போது பரணில் இருக்கிறது, ரேடியோவோடு வந்த சாதா ஆன்டெனாவை மூங்கில் கழி உச்சியில் கட்டி வேலையை ஓட்டுகிறோம்.