இடித்துக் கட்டுவதா, சீர்செய்வதா? மலையக நகரங்களின் பழைய கடைத்தொகுதிகள்

இலங்கை மலையகத்தின் கடைவீதிகள் பலவும் புகையிரதப் பாதையைத் தொடர்ந்து வளர்ந்தவை. 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்த அந்தப் பாதை, 1924இல் பதுளையை எட்டியது. 1983 ஜூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அதன்பின் எழுந்த கட்டடங்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. கூரைத் தகரம் ஒழுகும் இடங்களில் தார்ப்பாயைக் கட்டி, ஒரே மின்னிணைப்பிலிருந்து நான்கு கடைகளுக்கு வயர் இழுத்து வியாபாரம் நடக்கும் நகரசபைக் கடைத்தொகுதிகளை இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் முன்வைக்கப்படுகின்றன.

முழுவதையும் இடித்துப் பலமாடித் தொகுதி கட்டுவது முதலாவது. தீப்பாதுகாப்பு, கழிப்பறை, வாகனத் தரிப்பிடம் மூன்றையும் ஒரே திட்டத்தில் தீர்க்கலாம் என்பது அதன் உண்மையான பலம். இதற்குக் கண்டி தலதா வீதியிலுள்ள பலமாடி வணிக வளாகமான சிட்டி சென்டரை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அலுவலகம், பாடசாலை, சுற்றுலா என்று நாள் முழுதும் ஆள் நடமாடும் நகரம் கண்டி. அங்குள்ள பழைய மத்திய சந்தையில் கீழே மரக்கறியும் பழமும் விற்க, மாடியில் துணியும் கைவினைப் பொருளும் விலைபோவதற்கும் வெளியூராரின் வருகையே பெரிதும் துணை. ஹட்டன், தலவாக்கலை போன்ற ஊர்களில் கூட்டம் சேர்வது 10ஆம் திகதித் தேயிலைத் தோட்டச் சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறன்று. கோதுமை மா மூட்டையும் கருவாட்டுப் பொதியுமாக பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர் மூன்றாம் மாடிக்கு ஏறமாட்டார். அதைவிட முக்கியமானது கடனுக்கு வாங்கியதைக் கடைக்காரர் எழுதிவைக்கும் பற்றுக்கொப்பி. கட்டுமானம் முடியும்வரை வியாபாரியை எங்கோ ஒரு தற்காலிகக் கொட்டகைக்கு அனுப்பினால், மாதாமாதம் கணக்குத் தீர்க்கும் தோட்ட வாடிக்கை அவரைத் தேடி அங்கே போகும் என்பது நிச்சயமில்லை.

கூரை, வடிகான், மின்னிணைப்பு என்ற வரிசையில் பகுதி பகுதியாகச் சீர்செய்வது இரண்டாவது. செலவு சிறுகச் சிறுக வரும். எவரும் கடையை நெடுநாள் மூடவேண்டியதில்லை. வாகன நெரிசல் மட்டும் அப்படியே கிடக்கும். சபைக்குச் சொற்ப வாடகை கட்டிவிட்டுக் கடையைப் பெருந்தொகைக்கு மறுவாடகைக்கு விடும் வழக்கத்தையும் (எல்லாரும் அறிந்தது, எவரும் எழுதிக்கொடுக்காதது) அது தொடாது. ஹட்டனில் இன்னொரு சிக்கலும் உண்டு: கூரையைப் பிரிக்க ஏற்ற மழை குறைந்த மாதங்களிலேயே சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவ வியாபாரமும் நடக்கிறது. ஆகவே ஒரு வரிசைக் கடைகளை முடித்த பின்னரே அடுத்த வரிசையில் கைவைக்க முடியும்.

என் பார்வையில் பெரும்பாலான தோட்ட நகரங்களுக்கு இரண்டாவது வழியே பொருந்தும். சரிவான நிலத்தில் கணக்கு மாறலாம். கீழ் வீதிக்கு ஒரு வாசலும் மேல் வீதிக்கு ஒரு வாசலும் வைக்க இடமிருந்தால் இரு தளங்களுமே தெருமட்டக் கடைகளாகிவிடும். அங்கே புதிதாகக் கட்டுவது வீண்செலவாகாது. ஆனால் மலைச்சரிவை வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வு கையில் இருக்கவேண்டும். எந்தக் கடைக்காரருக்கு எந்தத் தளத்தில், என்ன வாடகைக்கு இடம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் இடிக்கும் முன்பே ஒப்பந்தமாக எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.