18 வயதுக்குப் பின் எங்கே போவது: வெள்ளவத்தையில் ஒரு பின்பராமரிப்பு விடுதி

சிறுவர் இல்லத்தில் வளர்ந்த ஒரு மலையகப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில், கடந்த ஆண்டு அவளைக் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள ஒரு பின்பராமரிப்பு விடுதியில், அதாவது 18 வயதாகிச் சிறுவர் இல்லத்தை விட்டு வெளியேறுவோர் தங்கும் விடுதியில், சேர்த்தேன். இத்தகைய இடம் தேடுவோருக்காக, பதினொரு மாதங்களில் நான் கண்டவற்றை எழுதுகிறேன்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை நிறுவிய 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரையே சிறுவர் என வரையறுக்கிறது. அந்த வயதைக் கடந்த பிள்ளைக்கு ஆபத்து குறைவதில்லை; வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவரும் தொலைபேசியில் அன்பு காட்டும் அந்நியரும், அவளுக்குக் கேட்பார் இல்லை என்பதை அறிந்த பின்னரே நெருங்குகிறார்கள்.

இதை உணர்ந்த விடுதி இது. பிள்ளை 17 வயதிலேயே வார இறுதிகளில் வந்து தங்கிப் பழக அனுமதிக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருந்த தந்தையின் பெயரால் அவளுடைய தேசிய அடையாள அட்டை தாமதமாகியிருந்தது. பொறுப்பாளர் அவளுடன் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் சென்றார், ஆனால் அவளையே பேச வைத்தார். பத்திரங்களும் வங்கிப் புத்தகமும் அவளுடைய அலுமாரியில், அவளுடைய சாவியின் கீழ் இருக்கின்றன. அவளுடைய சம்மதமின்றி அவளைப் பற்றி என்னிடம்கூட எதுவும் கூறப் பொறுப்பாளர் மறுத்தபோது மனம் வருந்தினேன். இல்லத்தில் எல்லோரும் புரட்டிப் பார்த்த கோப்பாக வளர்ந்தவளுக்கு அந்த மறுப்பு எவ்வளவு பெரிய மரியாதை என்பது பின்னரே விளங்கியது.

மாதக் கட்டணம் 6,000 ரூபா. வேலை கிடைக்கும் வரை அறவிடுவதில்லை. உணவு போதுமானது.

குறை இரவில்தான். எட்டு மணிக்குப் பின் கடமையிலிருப்பவருக்குத் தமிழ் தெரியாது. உளவளத்துணையாளர் தமிழில் பேசக்கூடிய நாள் வாரத்தில் ஒன்றே. அச்சம் வரும் வேளையில் தாய்மொழியில் சொல்ல முடியாத பிள்ளை, சொல்லாமலே விட்டுவிடுவாள். இதைவிடக் கடுமையானது, முறைப்பாட்டுப் பெட்டியைத் திறப்பவரும் விடுதிப் பொறுப்பாளரே என்பது. அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முறைப்பாடு அவரைப் பற்றியதாகவே இருந்தால் அது யாரிடம் போகும்? வெளியாள் ஒருவரிடம் அந்தப் பெட்டியின் சாவியை ஒப்படைக்குமாறு நிர்வாகத்துக்கு இருமுறை எழுதினேன். தமிழ் தெரிந்த இரவுப் பணியாளரை நியமிப்பதாகப் பதில் வந்தது. சாவியைப் பற்றி இன்னும் பதில் இல்லை.