மூங்கின் ‘அலறல்’: ஏஐயா, வெக்டரா, கையா?

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் ‘அலறல்’ ஓவியத்தைச் சிங்கப்பூர்க் காட்சியாக மாற்றி டிஜிட்டலில் மறுபடி வரைய இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. ஏஐயிடம் எழுதிக் கேட்கலாம், வெக்டர் மென்பொருளில் கோடுகளை அமைக்கலாம், ஐபேடில் புரோகிரியேட் என்ற வரைசெயலியை வைத்துக் கையால் வரையலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: என் ஓட்டு கைக்குத்தான்.

மூங்க் 1944இல் இறந்தார். 70 ஆண்டுகள் கடந்துவிட்டதால் இங்கே பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் அலறும் போப் ஓவியமும் ஆசை காட்டும்தான். ஆனால் பேக்கன் இறந்தது 1992இல், அதனால் அதைத் தொட முடியாது.

எந்த வழியில் போனாலும் ஒன்று கெடக்கூடாது. அந்த உருவம் அலறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது காதைப் பொத்திக்கொண்டு நிற்பதாகவே தெரிகிறது. இயற்கையின் ஊடே ஒரு பெரும் அலறலை உணர்ந்ததாக மூங்கே இதே படத்தின் 1895 கல்லச்சுப் (கல்லில் வரைந்து அச்செடுத்த) பிரதியின் அடியில் எழுதியிருக்கிறார். வானம், நீர், உடல் எல்லாம் வளைந்து நெளிய, பாதையோரக் கைப்பிடி மட்டும் நேராக ஓடுகிறது. பின்னால் இரண்டு பேர் எதுவும் நடக்காததுபோல் இருக்கிறார்கள். அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் தனிமையே இல்லை.

நான் எடுத்துக்கொண்ட இடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பொது நடைபாதை. வானத்துக்கு 2013 ஜூன் புகைமூட்டம். அந்த மாதம் 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது, பலருக்கு நினைவிருக்கும்.

ஏஐ வேகமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த முகங்கள் எல்லாம் பேய்ப்பட சுவரொட்டி முகங்கள். நடைபாதை கேட்டால் ஹோட்டல் பால்கனி வந்தது. பின்னால் நிற்கும் இருவரும் திரும்பி நம்மையே பார்த்தார்கள், படம் அங்கேயே செத்துவிட்டது. மஞ்சள் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று நிறங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

வெக்டர் அப்படியில்லை. அந்தக் கல்லச்சுப் பிரதி முழுக்கக் கறுப்புக் கோடுகள்தான். அதை மாதிரியாக வைத்தால் வெக்டர் அழகாக ஒத்துழைக்கும். சமூக மன்றத்தில் தொங்கவிடும் பெரிய பதாகைக்கும் டி-சட்டைக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. வண்ணத்தில் இறங்கினால்தான் தட்டையாகிவிடுகிறது.

சரி, கை. 1893 ஓவியம் அட்டையில் எண்ணெய் வண்ணம், டெம்பரா (முட்டை போன்ற பசையில் குழைத்த வண்ணம்), பாஸ்டல் (வண்ணக் குச்சி) கலந்து வரைந்தது, 91 செ.மீ. உயரம், 73.5 செ.மீ. அகலம். பல இடங்களில் வெறும் அட்டையே தெரியும். அதனால் புரோகிரியேட்டிலும் வெள்ளைப் பின்னணி வேண்டாம், அட்டையின் பழுப்பை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். பாதி அளவில், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சடிக்க 5374க்கு 4341 பிக்சல் போதும்.

அப்புறம் லேயர் விஷயம், அதாவது படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளில் வரைவது, இதுதான் முக்கியம். வானத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று பிரித்து வேலை செய்வது நம் பழக்கம். இந்தப் படத்துக்கு அது ஆகாது. பிரித்தால் உருவம் வெட்டி ஒட்டியதுபோல வானத்தின் முன்னால் நிற்கும். வானம், தொலைவுப் புளோக்குகள், உடல் மூன்றையும் ஒரே லேயரில், ஒரே தூரிகையில் வரைந்தேன். கோடு வானத்தில் தொடங்கித் தோளில் வந்து இறங்குகிறது. நடைபாதையின் சுவருக்கும் பேசிக்கொண்டிருக்கும் அண்டைவீட்டார் இருவருக்கும் மட்டும் தனி லேயர், அவர்கள் அந்த அலையைச் சேராதவர்கள். பென்சிலை அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். கோடு எங்கே தளர வேண்டும் என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. மற்ற இரண்டு வழிகளிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

அச்சடிக்கப் போகும்போது பளபளப்புத் தாள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அட்டையின் தன்மை போய்விடும். திரையில் எரியும் ஆரஞ்சு அச்சில் மங்கும். வானத்தில் ஒரு துண்டை மட்டும் முதலில் அச்சடித்துப் பார்த்து, நிறத்தைச் சரிசெய்துவிட்டு முழுப்படத்தைக் கொடுங்கள்.