கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா? கையெழுத்துப் போடும் முன் ஓர் ஒப்பீடு

டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வேலை தேடிப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றில் ஒரு காகிதத்தோடு வீடு திரும்புவார்கள். கம்பெனியே நேரடியாகத் தரும் ஆபர் லெட்டர், மேன்பவர் ஏஜென்சி தரும் கான்ட்ராக்ட் லெட்டர், அல்லது ஒரு வருட அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) ஒப்பந்தம். போகப்போவது ஒரே ஆலைக்கு, சாப்பிடப்போவது ஒரே கேன்டீனில், ஏறப்போவது ஒரே கம்பெனி பஸ்ஸில். அதனால் வீட்டில் கேட்கிற ஒரே கேள்வி, "கையில் எவ்வளவு வரும்?" என்பதுதான். நான் அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்கச் சொல்வேன்: அந்தக் காகிதத்தின்படி உங்கள் முதலாளி யார்?

கம்பெனியின் ஊழியராகவே சேரும் நேரடி ரோலில் முதலில் மலைக்க வைப்பது சி.டி.சி. (காஸ்ட் டு கம்பெனி). ஆண்டுக்கு 2,40,000 என்று போட்டிருந்தால் மாதம் 20,000 கைக்கு வந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை அது. அடிப்படைச் சம்பளம் 10,000, மீதி வீட்டு வாடகைப்படியும் மற்ற படிகளும் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பி.எப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய். வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கென்று 4.81 சதவீதம், 481 ரூபாய். இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டும் 3.25 சதவீதம். மூன்றுமே அந்த 20,000-க்குள் அடக்கம். இவை போனால் கிராஸ் சம்பளம், அதாவது உங்கள் பங்கைப் பிடிப்பதற்கு முந்தைய சம்பளம், சுமார் 17,740. அதிலிருந்து உங்கள் பங்காக பி.எப். 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடித்தால் மிஞ்சுவது 16,400 சொச்சம்.

இருபதாயிரம் என்று சொல்லிவிட்டு பதினாறாயிரம் தருகிறார்களே என்று மனம் நோகும். ஆனால் பிடித்தது எங்கும் ஓடிவிடவில்லை. பி.எப்., பென்ஷன் இரண்டிலுமாக மாதம் 2,400 ரூபாய் உங்கள் பெயரில் ஏறுகிறது. சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கான இ.எஸ்.ஐ.யில் உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவின் மருத்துவமும் வரும். ஒரு அறுவை சிகிச்சையின் செலவைப் பார்த்த குடும்பத்துக்கு அந்த 0.75 சதவீதத்தின் அருமை தெரியும்.

நேரடி ரோலின் உண்மையான பலம் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. கம்பெனிகள் ஒரே ஆளை 'டிரெய்னி' என்றும் 'புரொபேஷனர்' என்றும் மாற்றி மாற்றி வைத்திருப்பதற்கு இந்த 480 நாளும் ஒரு காரணம். அதனால் லெட்டரில் புரொபேஷன் என்ற தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது முடிந்ததும் கன்பர்மேஷன் லெட்டரைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்ற தயக்கமே வேண்டாம்.

அடுத்து கான்ட்ராக்ட். இந்த லெட்டரை நிதானமாகப் படிக்க வேண்டும். மேலே லெட்டர்ஹெட் ஏஜென்சியுடையது. உள்ளே 'டெப்யூட்டட் அட்' (இங்கே வேலைக்கு அனுப்பப்படுகிறார்) என்ற வார்த்தைகளுக்குப் பிறகு பெரிய கம்பெனியின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது அந்தத் தடித்த எழுத்துதான். பையன் அந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஆனால் சம்பளம், பே ஸ்லிப், பி.எப்., வேலையை விடும்போது தரும் ரிலீவிங் லெட்டர் எல்லாமே ஏஜென்சியின் பொறுப்பு. அந்த ஆலை வேலை செய்யும் இடம், அவ்வளவுதான்.

கையில் வரும் பணத்தில் கான்ட்ராக்ட் சில சமயம் முந்தும். ஓவர்டைம் சேர்ந்தால் நேரடி ரோலில் புதிதாகச் சேர்ந்தவரை விடக் கூடுதலாகவே வரும். இழப்பு தெரிவதற்குச் சில வருடம் ஆகும். ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்து வேறு ஏஜென்சி வந்தால், அதே ஆள் அதே மெஷினில் நிற்பார், லெட்டரில் மட்டும் புதிய ஜாயினிங் தேதி. ஒரே முதலாளியிடம் 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் கிடைக்கிற கிராஜுவிட்டியின் கணக்கு இங்கே அறுந்துபோகிறது. மேலே சொன்ன 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு 5 வருட கிராஜுவிட்டி 28,846 ரூபாய். ஒரு தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவக்கூடிய பணம் அது.

எத்தனை வருடம் உழைத்தாலும் ஒரு நாள் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் சட்டத்தின் முன் நிற்பதில்லை. கான்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும்கூட தொழிலாளர்கள் தானாகவே அந்த நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பாதுகாப்பு உண்டு. ஏஜென்சி சம்பளம் தராமல் கைவிரித்தால் ஆலையை நடத்தும் கம்பெனிதான் தர வேண்டும். 1970-ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்திலிருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் தொடர்கிறது.

கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள் முதல் மாத பே ஸ்லிப்பையே நன்றாகப் பார்க்க வேண்டும். கிராஸ் சம்பளத்திலிருந்து பி.எப். 12 சதவீதத்துக்குப் பதில் 24 சதவீதம் பிடித்திருந்தால் முதலாளியின் பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சட்டப்படி அது கூடாது. பிடித்த பணம் உங்கள் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எப். எண்) கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பி.எப். பாஸ்புக்கையும் திறந்து பாருங்கள். வேலையில் சேர்க்கவே பதிவுக் கட்டணம் கேட்கும் கன்சல்டன்சியாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஆள் எடுத்துக் கொடுப்பதற்கான கூலியைக் கம்பெனியிடம் வாங்குவதுதான் முறை.

அப்ரண்டிஸ் என்றாலே பலருக்கு இளக்காரம். காரணம் ஸ்டைபண்ட் என்ற பயிற்சி உதவித்தொகை. 2019-இல் திருத்திய விதியில் மாதக் குறைந்தபட்சத் தொகை டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாயாக இருந்தது. குறைந்தபட்சத்துக்கு மேலும் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி இல்லை. பி.எப்., இ.எஸ்.ஐ. கிடையாது. முடித்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இவ்வளவு குறை இருந்தும் நான் இதைக் கான்ட்ராக்டுக்கு மேலே வைப்பேன். ஒப்பந்தம் அந்த ஆலையின் பெயரிலேயே பதிவாகிறது. டிப்ளமோ, டிகிரி படித்தவர்களுக்குத் தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் வழியாகச் சான்றிதழ் வருகிறது. அடுத்த இன்டர்வியூவில் கேள்வியில்லாமல் நிற்கக்கூடிய ஒரு வருடம் அது.

அடுத்த வேலைக்குப் போகும்போது, பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிபிகேஷனில்தான் இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கு வரும். கான்ட்ராக்டில் இருந்தவர் ரெஸ்யூமில் பெரிய கம்பெனியின் பெயரை முதலாளியாக எழுதியிருப்பார். பி.எப். சர்வீஸ் ஹிஸ்டரி ஏஜென்சியின் பெயரைக் காட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் கைக்கு வந்த ஆபர் நழுவிவிடும். 'இன்ன ஏஜென்சி மூலம், இன்ன கம்பெனியின் ஆலையில்' என்று உள்ளபடி எழுதுவதில் குறைவு எதுவுமில்லை. செய்த வேலைக்குரிய மரியாதை அதிலேயே கிடைக்கும்.

பிக்ஸட் டெர்ம் என்று நான்காவது காகிதம் ஒன்றும் இப்போது கைக்கு வருகிறது. கம்பெனியே நேரடியாக, ஆனால் இத்தனை மாதம் என்று வரையறுத்து எடுப்பது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இவர்களுக்கு ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. கான்ட்ராக்டையும் இதையும் ஒன்றாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

எனக்குக் கேட்டால் வரிசை இதுதான்: கையில் இரண்டாயிரம் குறைந்தாலும் நேரடி ரோல், அடுத்து பிக்ஸட் டெர்ம், அடுத்து நல்ல ஆலையில் அப்ரண்டிஸ், கடைசியில் கான்ட்ராக்ட். வீட்டில் கடன் நெருக்கி, ஸ்டைபண்டில் ஒரு வருடம் ஓட்ட முடியாது என்றால் கான்ட்ராக்டுக்கே போங்கள். அப்படிப் போகிறவர்கள் மாதாமாதம் பே ஸ்லிப்பை வாங்கிச் சேர்த்து வையுங்கள், ஏஜென்சி மாறும்போதெல்லாம் பழைய ஏஜென்சியிடம் ரிலீவிங் லெட்டரைக் கையோடு வாங்கிவிடுங்கள், பி.எப். எண் புதிதாகத் தொடங்காமல் பழைய யு.ஏ.என்.-ஐயே கொடுங்கள்.