டாய் பாம் என்று ஸ்பிட்ஸை விற்கிறார்கள்: ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் கவனம்

டாய் பாமரேனியன் குட்டி தேடுகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெருந்துறைப் பக்கம் ஒருவரிடம் 28,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். "முழுசா வளந்தாலும் ரெண்டு கிலோவத் தாண்டாதுங்ணா" என்று அடித்துச் சொன்னார். தாய் நாயைக் கேட்டதற்கு, அது பண்ணையில் இருக்கிறதென்று செல்போனில் ஓர் ஆரஞ்சு நிற நாயின் படத்தைக் காட்டினார். இன்று எங்கள் வாசலில் நிற்பது 7 கிலோ இந்தியன் ஸ்பிட்ஸ்; பாமரேனியன் சாயலிலேயே இருக்கும், ஆனால் அதைவிடப் பெரிய வேறு இனம்.

சூட்சுமம் வயதில் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டி என்றார். கால்நடை டாக்டர் வாயைத் திறந்து காட்டினார்: முன்பல் அப்போதுதான் ஈறை விட்டு எட்டிப் பார்க்கிறது. "நாலஞ்சு வாரந்தாங்க இருக்கும், தாய்ப்பால் மறக்காத குட்டி" என்றார். பச்சைக் குட்டி உள்ளங்கையில் அடங்கத்தானே செய்யும்? அதையே டாய் என்று காட்டி விலையை ஏற்றிவிட்டார்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதி இருக்கிறது.

அசல் பாமரேனியன் 18 முதல் 24 சென்டிமீட்டர் உயரந்தான். எடை ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ. அதைவிட முக்கியம் உடல்வாகு. பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் கட்டையான, சதுரமான உடம்பு. நெஞ்சுமுனையிலிருந்து பின்பக்கம் வரையுள்ள நீளம், தோள் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவோ ஏறத்தாழச் சமமாகவோ இருக்கும். முன்னங்காலின் முழங்கையிலிருந்து தரை வரை, மொத்த உயரத்தில் பாதி. தலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மூஞ்சி. காது சின்னதாக, மேலே ஏறி நிற்கும்; வால் முதுகின்மேல் தட்டையாகப் படியும். எங்கள் நாய்க்கு மூஞ்சி நீளம், காது பெரிசு, கால் உயரம். டாக்டர் டேப் வைத்து அளந்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

குட்டியில் இந்த அளவெல்லாம் பிடிபடாது. அதனால்தான் தாயை நேரில் பார்க்க வேண்டும். கண்ணபுரம் சந்தையில் சுழி பார்க்காமல் மாடு பிடிப்போமா? தடுப்பூசி அட்டையையே இனச் சர்டிபிகேட் என்று நீட்டுவார்கள், நம்பாதீர்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் சான்றில் தாய் தகப்பன் பெயரும் மைக்ரோசிப் எண்ணும் இருக்கும். ரொம்பச் சின்ன நாய் என்று சொல்லி விற்கிற 'டீகப்' என்பதை எந்த கென்னல் கிளப்பும் ஒரு வகையை ஏற்றுக்கொண்டதில்லை.

நாய்மேல் ஒரு குறையும் இல்லைங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்பிட்ஸ்தான் தோது, வீட்டுக்காரம்மாவுக்கு அவன் உயிர். ஆனால் ஸ்பிட்ஸ் சில ஆயிரத்துக்கே கிடைக்கும். விற்றவரைக் கேட்டால், "ஊட்டம் ஜாஸ்தி போட்டுட்டீங்க, அதான் வளந்துருச்சு" என்கிறார். ஊட்டம் போட்டால் கொழுப்பு ஏறும், கால் எலும்பா நீளும்? அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.