வாக்ஸா, கோட்டிங்கா, ஃபிலிமா: மூன்றையும் ஒரே காரில் பார்த்த அனுபவம்

கார் பெயிண்ட்டை எப்படிப் பாதுகாப்பது என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பொருளின் பெயர்தான் பதிலாக வரும். செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள், பிபிஎஃப் (பெயிண்ட் மேல் ஒட்டும் நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம்) ஒட்டிவிடுங்கள், அட, வாக்ஸே போதும் என்பார்கள். என்னுடைய கருநீலக் காரில் இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில் இருந்திருக்கின்றன. இப்போதும் அதன் மேல் இரண்டு வகைப் பாதுகாப்பு இருக்கிறது. பல வருடங்கள் நானே கழுவி, துடைத்து, வெயிலிலும் மழையிலும் நிறுத்திப் பார்த்ததில் என் கருத்து இதுதான்: உங்கள் பெயிண்ட்டை எது கெடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கல்லுக்கு ஒரு மருந்து, வெயிலுக்கு ஒரு மருந்து, துடைக்கிற துணிக்கு வேறு மருந்து. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குப் போட்டால் செலவுதான் மிச்சம்.

நாம் பாதுகாக்கப் போவது எது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் ஒரு பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத க்ளியர் கோட். பெரும்பாலான கார்களில் இவை எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் க்ளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியே பலருக்கு அதைவிடத் தடிமனாக இருக்கும். பளபளப்பும் அந்த அடுக்கில்தான், புற ஊதாக் கதிரைத் தாங்கும் சக்தியும் அந்த அடுக்கில்தான். மெஷின் வைத்துப் பாலிஷ் போடும்போதெல்லாம் கீறலை யாரும் அடைப்பதில்லை, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள க்ளியர் கோட்டைச் சீவி எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும், போனது திரும்ப வராது. "வருடா வருடம் ஒரு பாலிஷ் போட்டுவிடலாம் சார்" என்று சாதாரணமாகச் சொல்பவர்களிடமிருந்து நான் விலகி நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஆரம்பத்தில் நான் போட்டது வாக்ஸ். பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு. ஆழ்ந்த நிறங்களில் அது தருகிற அழகு தனி. நிறம் ஈரமாக இருப்பது போலத் தெரியும், அதை மற்ற எதிலும் நான் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. ஆனால் ஆயுள் குறைவு. வெயிலில் நிற்கும் காரில் சில வாரம், நிழலில் நின்றால் இரண்டு மூன்று மாதம். கார்னோபா உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி. கடும் வெயிலில் கருநிற பானெட்டின் சூடு அதை எட்டாவிட்டாலும் பக்கத்தில் போய்விடும். அதோடு அழுக்கு நீக்கும் காரமான சோப்பு ஒரு முறை பட்டாலே பாதி கழுவிக்கொண்டு போய்விடும். பறவை எச்சத்தின் முன்னால் வாக்ஸ் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கையால் தேய்த்துத் தேய்த்துப் போடுவதில் சந்தோஷம் காண்பவர்களுக்கு வாக்ஸைவிட நல்லது இல்லை. மற்றவர்களுக்கு இரண்டாவது மாதமே அலுத்துவிடும்.

நடுவில் கொஞ்ச காலம் செயற்கை சீலண்ட் போட்டேன், வாக்ஸ் போலவே தடவுகிற, ஆனால் ஆலையில் தயாரிக்கும் பூச்சு. நாலைந்து மாதம் தாங்கியது, போடுவதும் சுலபம், பளபளப்பில் மட்டும் கொஞ்சம் கண்ணாடித்தனம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பொருள், விளம்பரம் குறைவு.

அடுத்து செராமிக் கோட்டிங். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகம் கதை விடுகிறார்கள்.

கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவம். பெயிண்ட் மேல் தடவினால் காய்ந்து, க்ளியர் கோட்டோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். கண்ணாடிக் கவசம் என்று விற்பதைக் கேட்கும்போது இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போட்ட இடத்திலும் "9எச் சார், இனி கீறலே விழாது" என்றார்கள். அந்த 9எச் பென்சில் சோதனையில் வருகிற எண். மென்மையானதிலிருந்து கடினமானது வரை வரிசையாகப் பென்சில்களை எடுத்து, குறிப்பிட்ட அழுத்தத்தில் பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். வரிசையின் கடைசிப் பென்சில் 9எச். அதற்கும் தழும்பு விழவில்லை என்றால் 9எச் என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் கார் மேல் உட்காரும் தூசியில் இருப்பது மணல், பென்சில் முனையைவிட மிகக் கடினமானது. அழுக்குத் துணியால் துடைத்தால் கோட்டிங் போட்ட காரிலும் வட்ட வட்டமான மெல்லிய கீறல் விழும். என் கதவில் விழுந்திருக்கிறது.

சரி, அப்படியானால் கோட்டிங் எதற்கு? கழுவுவதற்கு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சேறு ஒட்டாமல் பாதி தண்ணீரிலேயே இறங்கிவிடும், துடைக்கும்போது துணி வழுக்கிக்கொண்டு போகும். குறைவாகத் தேய்த்தால் குறைவாகக் கீறும். கோட்டிங்கால் கீறல் குறைவது இந்த வழியில்தான், மறைமுகமாக. இரண்டாவது லாபம், ரசாயனம். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடான பெயிண்ட் விரிந்து, அப்புறம் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்த எச்சத்தைச் சுற்றிப் படிந்து தழும்பாகிவிடும். வாக்ஸ் காலத்தில் ஒரு பகல் விட்டாலே தடம் தெரிந்தது. கோட்டிங் வந்தபின் மாலையில் வந்து ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தாலும் பெரும்பாலும் சுத்தமாகப் போனது. ஆனால் இது அவகாசம்தான், விலக்கு இல்லை. நாள் கணக்கில் விட்டால் கோட்டிங்கும் சேர்ந்து அரிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிலைமை எனக்கு முன்பைவிட மோசமானது: தண்ணீர்க் கறை. உப்பு அதிகமுள்ள தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் காய விட்டால், உருண்டு நிற்கும் ஒவ்வொரு சொட்டும் தன்னிடமுள்ள கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் ஒரு வட்டமாக விட்டுவிட்டுப் போகும். இருண்ட நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். கோட்டிங் போட்டவர்கள் வெயிலில் கழுவவே கூடாது. கழுவினால் உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்பார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், "போய்விட்டது" என்று நாம் நினைப்பது பல நேரம் போயிருக்காது. கொஞ்ச காலத்தில் என் காரின் கூரையிலும் பானெட்டிலும் தண்ணீர் உருளாமல் தாளாகப் படர ஆரம்பித்தது. கதவுகளில் மட்டும் முன்போலவே உருண்டது. மறுபடி முழுசாகப் போட வேண்டும் என்று கோட்டிங் போட்ட இடத்தில் சொன்னார்கள். அதற்கு முன் பிரேக் தூசியிலிருந்து படியும் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்து, அது ஊதா நிறமாக மாறி வழிந்தபின் நன்றாகக் கழுவி, அப்புறம் அமிலத்தன்மை கொண்ட ஷாம்புவால் ஒரு முறை கழுவினேன். பானெட்டில் தண்ணீர் மறுபடி உருண்டது. மேலே அழுக்கும் உப்பும் படிந்து கோட்டிங்கை மூடியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். கூரையின் நடுப்பகுதியில் மட்டும் திரும்பவில்லை. அங்கே உண்மையிலேயே தேய்ந்துவிட்டது. வெயில் நேராக விழும் இடம்தான் முதலில் போகும்.

கோட்டிங்கில் பாட்டிலைவிட முக்கியமானது, போடுவதற்கு முன் நடக்கும் வேலை. நன்றாகக் கழுவி, இரும்புத் துகள் நீக்கி, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற க்ளேயைத் தேய்த்து, தேவையான அளவு மட்டும் பாலிஷ் செய்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்தபின்தான் அது பிடிக்கும். அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. பாலிஷ் போடும் முன் பெயிண்ட்டின் தடிமனைக் கருவி வைத்து அளக்கிறார்களா என்று பாருங்கள். அளக்காமல் மெஷினை எடுப்பவரிடம் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன். போட்டபின் முதல் நாள் தண்ணீரே படக்கூடாது. முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதுவரை ஷாம்பு வேண்டாம்.

இதே வரிசையில் டெஃப்லான் கோட்டிங் என்று ஒன்றை இன்னும் விற்கிறார்கள். டெஃப்லான் உருகுவதே 327 டிகிரியில். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சுட்டுத்தான் ஒட்டவைக்கிறார்கள். காரில் கையால் தடவினால் எப்படி ஒட்டும்? கிடைக்கிற பளபளப்பு அதோடு கலந்திருக்கும் மெழுகும் சிலிக்கோனும் தருவது.

இவ்வளவு சொல்லியும் கல்லைப் பற்றிப் பேசவில்லை. ஏனென்றால் மேலே சொன்ன எதுவும் கல்லைத் தடுக்காது. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் சின்னக் கல் ஓரிரு மைக்ரான் சிலிக்காவை மதிக்குமா? கோட்டிங் புதிதாக மின்னிக்கொண்டிருந்த காலத்திலேயே என் பம்பரில் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. அதற்குப் பின்தான் முன்பகுதிக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்டினேன்.

இந்த ஃபிலிமின் பூர்வீகம் வியட்நாம் போர். ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் தேய்க்காமல் இருக்கக் கொண்டுவந்தது. இப்போது கிடைப்பது பாலியுரித்தேன், பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன். அதாவது காரின் மொத்தப் பெயிண்ட்டைவிடவே தடிமன். கல் அடித்தால் அடியை இது வாங்கிக்கொள்ளும். மேலோட்டமான கீறல் விழுந்தால் வெயிலில் நிறுத்தினாலோ வெந்நீர் ஊற்றினாலோ மறைந்துவிடும். இதைக் கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பவில்லை. ஆனால் ஃபிலிமைக் கிழித்துக்கொண்டு போன கீறல் மறையாது.

குறைகளும் உண்டு. மடித்து உள்ளே சொருகாமல் விட்ட ஓரங்களில் அழுக்குக் கோடு கட்டும். உற்றுப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய சுருக்கம் தெரியும். மலிவான ஃபிலிம் மஞ்சளாகும், வெளிர்நிறக் கார்களில் அது சீக்கிரம் கண்ணுக்குப் படும். வண்டியின் மேலேயே கத்தி வைத்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினியில் அளந்து வெட்டிய துண்டுகளை ஒட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மறுபெயிண்ட் அடித்த பாகத்தில் ஒட்டியிருந்தால், பிற்காலத்தில் உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரக்கூடும். அதைவிட மோசம், ஆயுள் முடிந்தபின்னும் உரிக்காமல் வைத்திருப்பது. பசை கெட்டியாகி, உரிப்பதே பெரும்பாடாகிவிடும்.

முழுக் காருக்கும் ஒட்டுவது அவசியமா? எனக்குத் தேவைப்படவில்லை. பம்பர், பானெட், சைடு மிரர், கதவின் விளிம்பு, கைப்பிடிக் குழி, பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள அடிப்பகுதி. கல்லும் நகமும் படும் இடங்கள் இவைதான். கூரையில் எந்தக் கல் வந்து விழப் போகிறது? நிறுத்துகிற இடத்தில் மற்ற வண்டிகள் உரசிக்கொண்டே இருக்கும் என்றால் கணக்கு வேறு.

எதைப் போட்டாலும், கழுவுகிற கை மாறவில்லை என்றால் ஒரே வருடத்தில் எல்லாம் ஒன்றுதான். காய்ந்த தூசியைத் துணியால் தட்டித் துடைப்பதைப்போலப் பெயிண்ட்டுக்குக் கெடுதல் வேறில்லை. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பல வண்டிகளைத் துடைப்பவரின் துணியில் எல்லா வண்டிகளின் மணலும் இருக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கி, நுரை போட்டு ஊறவிட்டு, ஷாம்புவுக்கு ஒன்று, துணியை அலசுவதற்கு ஒன்று என இரண்டு வாளி வைத்து, மேலிருந்து கீழாகக் கழுவி, கனமான மைக்ரோ ஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்தால், வெறும் சீலண்ட் போட்ட கார்கூடப் பல வருடம் புதிதாக இருக்கும். தூசி படிந்த கார் மேல் கவர் போடுவதும் தவறு. காற்றில் ஆடும் கவர் உப்புக் காகிதம் மாதிரி வேலை செய்யும்.

புதுக் கார் எடுப்பவர்கள் டெலிவரிக்கு முன்பே ஷோரூமில் அவசரமாகப் போட்டுத் தரும் கோட்டிங்கை மறுத்துவிடலாம். ஃபிலிம் ஒட்டும் எண்ணம் இருந்தால் முதல் கல் அடிக்கும் முன்பே ஒட்டிவிடுங்கள், பிறகு ஒட்டினால் கல் தழும்புக்குத்தான் பாதுகாப்பு. மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயிண்ட்) காருக்குச் சாதாரண வாக்ஸும் பாலிஷும் ஆகாது, அதற்கென்றே வரும் பொருள்தான் போட வேண்டும். ஏதாவது பாகத்துக்கு மறுபெயிண்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதம், சில பெயிண்ட்டுகளுக்கு மூன்று மாதம் வரை காத்திருந்து, அடித்தவரிடம் கேட்டுவிட்டு மேற்கொண்டு எதையும் பூசுங்கள். மூன்று நான்கு வருடத்தில் விற்றுவிடப் போகிறீர்கள் என்றால் சீலண்ட்டே தாராளம்.

என் காரில் பானெட் ஃபிலிமின் காலம் முடியப் போகிறது. அதை உரித்துப் புதிதாக ஒட்டுவேன், அதில் யோசனையே இல்லை. மற்ற பாகங்களில் தேய்ந்த கோட்டிங்கை மறுபடி வெளியே கொடுத்துப் போடுவதாக இல்லை. கழுவுவது நான்தான் என்பதால், நாலு மாதத்துக்கு ஒரு முறை சிலிக்கா கலந்த ஸ்ப்ரே சீலண்ட் அடித்துக்கொண்டால் எனக்குப் போதும்.