ரீஃப் தொட்டிக்கு எந்த விளக்கு? பினாங்கு வெக்கையிலிருந்து ஓர் ஒப்பீடு

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, மேற்கு பார்த்த வரவேற்பறை. மத்தியானம் மூன்று மணிக்கு, விளக்கையே போடாமல், என் இரண்டடி ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், வெப்பமானி 29 டிகிரி காட்டும். பவளத்துக்கு 25, 26 இருந்தால் நிம்மதி. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுக்க ஆரம்பித்துவிடும். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் சில முக்குளிப்பு இடங்களையே மூடி வைத்தார்கள். கடலுக்கே அந்தக் கதி என்றால் 120 லிட்டர் தண்ணீர் எம்மாத்திரம்? குளிர்நாட்டுக்காரர்கள் விளக்கு வாங்கும்போது வெளிச்சத்தில் தொடங்கலாம். நாம் சூட்டில்தான் தொடங்க வேண்டும்.

அந்தக் கணக்கில் மெட்டல் ஹேலைட் என்ற பழைய பாணி சூடான விளக்கு முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுகிறது. அழகில் அதை அடிக்க ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் மணலில் அலை நெளியும், பார்த்தால் கடலடியில் நிற்பது மாதிரியே இருக்கும். ஆனால் 150 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். அதோடு அகச்சிவப்புச் சூட்டை நேராகத் தண்ணீருக்குள் இறக்கும். அதைத் தணிக்க சில்லர் என்ற தண்ணீர் குளிரூட்டும் கருவி. சில்லர் அந்தச் சூட்டை வரவேற்பறைக்குள்ளேயே ஊதும். அதைத் தணிக்க ஏர்கோண். போதும்.

டி5 குழல்விளக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. இரண்டடி நீளத்தில் 24 வாட் குழல்கள் நான்கு, இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் சமமாக வெளிச்சம் விழும். பவளத்தின் அடிப்பக்கம்கூட நிழலில் கிடக்காது. இந்த ஒரு விஷயத்தில் எல்இடி இன்னும் அதன் பக்கத்தில் வரவில்லை என்பது என் கட்சி. தொல்லை வேறு இடத்தில். 9 முதல் 12 மாதத்துக்கொரு முறை நான்கு குழலையும் மாற்ற வேண்டும். கண்ணுக்கு நன்றாகத்தான் எரியும், ஆனால் பவளத்துக்குத் தேவையான வெளிச்சம் அதற்குள் குறைந்திருக்கும். சாதாரண டி5 அமைப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. பாதரசம் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டு டி5 குழல்களைச் சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டது. இன்னும் ஐந்து வருடம் கழித்து மாற்றுக்குழல் தேடி எத்தனை கடை ஏறி இறங்குவது?

சரி, எல்இடி. இதிலும் சூடு உண்டு. ஆனால் பெரும்பகுதி விளக்கின் முதுகிலுள்ள அலுமினியத் தகட்டில் ஏறி மேலே போய்விடுகிறது, தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்குவதில்லை. நம் ஊருக்கு அந்த ஒரு காரணமே போதும். இனி சண்டை எல்இடிக்குள்தான்: பேரில்லாத மலிவான 'கருப்புப் பெட்டி' விளக்கா, பேர் பெற்ற சின்ன விளக்கா?

கருப்புப் பெட்டியில் எழுதியிருப்பது 165 வாட். உள்ளே மூன்று வாட் எல்இடி 55 இருக்கிறது என்பதற்காக எழுதிய எண் அது, உண்மையில் இழுக்கும் மின்சாரம் அதைவிடக் குறைவு. நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ். அவ்வளவுதான் வசதி. நான் முதலில் வாங்கியது அதைத்தான், பழையது ஒன்றை. காசு கொடுத்த வெளிச்சத்தை ஏன் வீணாக்குவானேன் என்று இரண்டு குமிழையும் கடைசி வரை திருகி வைத்தேன். மூன்றாம் நாள் ஹேமர் பவளம் (சுத்தியல் போன்ற நுனியுள்ள மெல்லிய விரல்கள் கொண்டது) விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தாம் நாள் நுனிகள் பழுப்பு போய் வெள்ளை. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கை இன்னும் இறக்கி மாட்டினேன்!

உப்புநீர்த் தொட்டியில் பல வருடம் ஊறிய அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, வெளிச்சம் பத்தலன்னா இது பழுப்பேறும். வெளுக்குதுன்னா நீ வறுத்துக்கிட்டு இருக்கே" என்றார். பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டு அளந்தார். ஹேமர் இருந்த இடத்தில் 310. மூலையில் 70. ஹேமருக்கு 80 முதல் 150 வரை போதும், காளான் பவளத்துக்கு அதிலும் குறைவாகவே போதும். அதிக வெளிச்சம் கேட்கும் அக்ரோபோரா பவளம் வளர்ப்பவர்களுக்குத்தான் 200, 300 எல்லாம். கைப்பேசிச் செயலியில் அளக்கலாமே என்று கேட்டேன். நீல வெளிச்சத்தை அது சரியாகப் படிக்காது என்றார். இந்த விளக்குகளிலோ பெரும்பாலும் நீலம்தான். ஆழம் போகப் போகக் கடல் சிவப்பை வடிகட்டிவிடுவதால், பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசி நீலத்தை வைத்தே பிழைக்கப் பழகியது.

(இதே நீலம்தான் கடையில் நம்மை ஏமாற்றுகிறது. அங்கே பச்சையாய் மின்னும் பவளம், வீட்டு வெள்ளை விளக்கில் சாணி நிறம். வாங்கும்முன் வெள்ளையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.)

பேர் பெற்ற விளக்குகளில் இந்தத் தொட்டி அளவுக்குப் பொருந்துபவை இரண்டு. கெசில் ஏ160, 40 வாட். நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் தனித்தனிக் குமிழ், ஹேலைட் போலவே அலை நெளியும். தானாக ஏறி இறங்க வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுக் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். ஏஐ பிரைம் ஏறக்குறைய 60 வாட், கைப்பேசியிலேயே ஒவ்வொரு நிறத்தையும் தனியாக அமைக்கலாம். இரண்டுமே விலை கருப்புப் பெட்டியைப் போலப் பல மடங்கு. நான் பிரைம் பக்கம் சாய்ந்தேன். காரணம் வெளிச்சமில்லை, நேரம். பகல் வெக்கையில் குறைவாக வைத்து, மாலை ஐந்துக்கு மேல் ஏற்றி, இரவு பத்துக்கு நீலத்தில் இறக்குகிறேன். அறை ஆறத் தொடங்கும் நேரமும் நான் வேலை முடிந்து வந்து தொட்டியைப் பார்க்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் மேல் ஒரு சின்னக் காற்றாடி, அவ்வளவுதான், 27ஐத் தாண்டுவதில்லை. காற்றாடியால் ஆவியாகும் தண்ணீருக்குக் கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், தினமும் அந்தக் கோடு வரை நன்னீர் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.

தொட்டி மூன்றடி என்றால் என் கணக்கு மாறும். ஒற்றை விளக்கு இரண்டு ஓரத்தையும் எட்டாது. இரண்டு பிரைம் வாங்கும் காசுக்கு டி5ஐயே திரும்ப யோசிப்பேன்.

கருப்புப் பெட்டியைக் கைவிடவில்லை. பாயான் லெப்பாசில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்திருக்கிறேன், நீலக் குமிழ் முப்பதில், வெள்ளை பத்தில். குமிழுக்கு மேல் செலோடேப் ஒட்டித்தான் கொடுத்தேன்.